மோட்டார்ஹோம்: வீடு வேண்டாம், திண்ணை போதும்

குடும்பத்தோட லடாக், ஸ்பிட்டி மாதிரி மேடுபள்ள ரோட்டுல போறதுக்காக மோட்டார்ஹோம் வாங்கப் போறீங்களா? என் கருத்தை முதல் பாராவிலேயே சொல்லிடுறேன். எவ்வளவு பெருசு வாங்கணும்னு மனசுல வச்சிருக்கீங்களோ அதுல பாதி வாங்குங்க. ஏசி வேண்டாம், ஷவர் வேண்டாம், டிவி வேண்டவே வேண்டாம். வயசானவங்களை ராத்திரி அதுக்குள்ளயே படுக்க வைக்கிற திட்டம் இருந்தா அதையும் விட்டுடுங்க. இதுக்கு மேல படிக்க நேரமில்லாதவங்க ஆணி பிடுங்கப் போகலாம் :-)

மிச்சம் இருக்கிறவங்களுக்குக் காரணம் சொல்றேன். குர்காவ்ல எங்க குடியிருப்புல அஞ்சு தமிழ்க் குடும்பங்கள் இருக்கோம். அஞ்சு பேரும் பணம் போட்டு ஒரு பெரிய மோட்டார்ஹோம் வாங்கிடலாம்னு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. நான் வண்டி உதிரிபாகக் கம்பெனியில பொட்டி தட்டாம நிஜமாவே ஸ்பானர் பிடிக்கிற ஆளு. அதனால என்கிட்ட அபிப்பிராயம் கேட்டாங்க. சொன்னேன், ரெண்டு பேருக்கு முகம் வாடிப் போச்சு. அட்வான்ஸ் கட்டுற தேதி இன்னும் வரலை. ஒரு குடும்பம் இதுக்காகப் பிள்ளையோட காலேஜ் ஃபீஸுக்குன்னு வச்சிருந்த பணத்துல கை வைக்கப் போகுது. இன்னொரு வீட்டுல 71 வயசு அம்மா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுறவங்க, "பேத்தி கூட பனி பாக்கப் போறேன்"னு பெட்டியை எடுத்து வெயில்ல காய வச்சாச்சு. இதெல்லாம் தெரிஞ்சுகிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை.

எடைதான் முதல் விஷயம்

எனக்கு ஊரு கரூர். பஸ் பாடி கட்டுற பட்டறைச் சத்தத்துலயே வளர்ந்தவன். மாமா முப்பது வருஷம் பாடி கட்டுனவர். அவர் சொல்ற ஒரே பாடம்: "மாப்ள, சேஸிஸ் நெளியும், அது நெளியத்தான் செய்யணும். அது கூடவே நெளியத் தெரிஞ்ச பாடியா கட்டு, இல்லைன்னா ஒடையும்." மோட்டார்ஹோம் விஷயமே இந்த ஒத்தை வரிக்குள்ள அடங்கிடும்.

நம்மாளுங்க என்ன பண்றாங்க? வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போட்ட அதே கார்பென்டரைக் கூப்பிட்டு வண்டிக்குள்ள விடுறாங்க. அவரு பழக்கதோஷத்துல 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை எடுக்குறாரு. எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு ஏறக்குறைய 33 கிலோ. எட்டு ஷீட் போட்டா சன்மைக்காவைச் சேர்க்காமலே 270 கிலோவை நெருங்கிடும். இப்ப மிச்சத்தையும் கூட்டுங்க. தண்ணி 100 லிட்டர், 100 கிலோ. இன்வெர்ட்டருக்கு 150 ஏ.ஹெச் டியூபுலர் பேட்டரி ரெண்டு, 115 கிலோ. ஸ்பிளிட் ஏசி 40. வீட்டு ஃபிரிட்ஜ் 40. ஆளுங்க அஞ்சு பேரு 300. மூட்டை முடிச்சு 100. மேல கேரியர், அதுல மடக்குப் பந்தல், 60. கூட்டினா 1,025 கிலோ வருது.

இப்ப அந்த வண்டி எத்தனை பேருக்காகச் செஞ்சதுன்னு பாருங்க. 13 பேர் உக்கார்ற வேன்னா, தலைக்கு 68 கிலோன்னு கம்பெனிக்காரன் கணக்குப் போட்டிருப்பான். 884 கிலோ. சீட்டைக் கழட்டுனா இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். அதாவது மைதானம் மாதிரி ரோட்டுலயே விளிம்புலதான் நிக்கிறீங்க. இதே வண்டியை 4,000 மீட்டர் உயரத்துல கல்லு மேல ஏத்துனா, முதல்ல ஸ்பிரிங் பட்டையோ டயரோதான் போகும். அது போனா ரிப்பேர் பண்ணிக்கலாம். இறக்கத்துல பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போச்சுன்னா ரிப்பேர் பண்ண ஆள் இருக்கணுமே.

அதே அஞ்சு பேரு, அதே வேன், வேற மாதிரி கட்டலாம். அலுமினியக் குழாய் சட்டம், 9 மில்லிமீட்டர் பலகை, எல்லாம் சேர்த்து 120 கிலோ. லித்தியம் பேட்டரி 200 ஏ.ஹெச் ஒண்ணு, 25. ஏசி கிடையாது. 12 வோல்ட்டுல ஓடுற பெட்டி ஃபிரிட்ஜ் 15. தண்ணி 60 லிட்டர். அடுப்பு சாமானெல்லாம் 20. மூட்டை 60. ஆளுங்க 300. மொத்தம் 600. பிராண்டைப் பத்தி எவ்வளவு வேணா சண்டை போடலாம், ஆனா இந்த 425 கிலோ வித்தியாசத்தை எந்த பிராண்டும் உங்களுக்குத் தராது.

வேலை முடிஞ்சதும் சாமான், ஆள், தண்ணி, டீசல் எல்லாத்தோடயும் வண்டியை எடை மேடையில ஏத்துங்க. இந்தப் பக்கத்துல "தரம் காண்டா"ன்னு கேட்டா காட்டுவாங்க, லாரிங்க நிக்கிற எடத்துல எல்லாம் இருக்கும். முன் அச்சு தனியா, பின் அச்சு தனியா எடை போடச் சொல்லுங்க. ஆர்.சி.யில போட்டிருக்கிற மொத்த எடையைத் தாண்டுனா சாமானை இறக்குங்க. சாமி கும்பிட்டா எடை குறையாது.

எந்த வண்டி?

இந்தியாவுல இதுக்குன்னே பொறந்த வண்டி கிடையாது. இருக்கிறதுல தேர்ந்தெடுக்கணும்.

1) ஃபோர்ஸ் டிராவலர். 1987-ல மெர்சிடிஸோட டி1 வேனை வச்சு, அப்ப பஜாஜ் டெம்போன்னு இருந்த கம்பெனி ஆரம்பிச்சது. இன்னைக்கும் மணாலி, லே, காஸா எங்க போனாலும் இதைப் பாக்கலாம். அதுதான் இதோட பெரிய பலம். மலையில இருக்கிற மெக்கானிக் கண்ணை மூடிக்கிட்டு இதைப் பிரிப்பான். பின்சக்கரம் தள்ளுற வண்டி, அதனால லோடோட ஏத்தம் ஏறும்போது பிடிமானம் கிடைக்கும். நாலு பேரு, அஞ்சு பேரு குடும்பத்துக்கு என்னோட ஓட்டு இதுக்குத்தான். ஆனா நீளமான வீல்பேஸ் வேண்டாம், நடு சைஸ் போதும்.

2) டாடா விங்கர். நகரத்துக்கு நல்ல வண்டி. படி தாழ்வு, வயசானவங்க ஏற சுலபம். ஆனா இது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. பின்னாடி எல்லா எடையையும் வச்சுகிட்டு, ஜல்லி உதிர்ந்த செங்குத்து ஏத்தத்துல முன்சக்கரம் லேசாகி சும்மா சுத்தும். கோவா, கூர்க் போறவங்க தாராளமா வாங்குங்க.

3) பிக்கப் மேல பெட்டி. இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி 4x4 வண்டியோட பின்பக்கத்துல படுக்கைப் பெட்டி வைக்கிறது. ரோடுன்னு பேர் மட்டும் இருக்கிற எடத்துக்கு இதுதான் ராஜா. ரெண்டு பேருக்கு மட்டும். குழந்தை இருந்தா தங்கமணி உங்களைக் கூடாரத்துக்கு அனுப்பிடுவாங்க.

4) பஸ் சேஸிஸ்ல கட்டுன பெரிய மோட்டார்ஹோம். எங்க குடியிருப்புல ஆசைப்படுறது இதுக்குத்தான். உள்ள நின்னுகிட்டே நடக்கலாம், தனி பெட்ரூம், சோபா. நான் வேண்டாம்னு அழுத்திச் சொல்றதும் இதைத்தான்.

ஏன் வேண்டாம்? பின்சக்கரத்துக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற வாலைப் பாருங்க. நம்ம சட்டம் வீல்பேஸ்ல 60 சதவீதம் வரைக்கும் அதை அனுமதிக்குது, பாடி கட்டுறவங்களும் பெட்ரூமுக்காக அதை முழுசாப் பயன்படுத்திக்கிறாங்க. கிராம்பூவிலிருந்து பத்தல் வழியா குன்ஸும் கணவாய் போற ரோட்டுல பனி உருகி ஓடுற ஓடைங்க ரோட்டைக் குறுக்க வெட்டிக்கிட்டு இருக்கும். முன்சக்கரம் இறங்கும், பின்சக்கரமும் இறங்கும், வண்டி மேல ஏறும்போது வால் கல்லுல உக்காந்துக்கும். அந்த வாலுக்கு அடியிலதான் கழிவுத் தண்ணி டேங்கையும் ஸ்டெப்னியையும் மாட்டி வச்சிருப்பாங்க. மணாலி-லே ரோட்டுல காட்டா லூப்ஸ்ல 21 கொண்டை ஊசி. எதிர்ல ராணுவ லாரி வரிசையா வந்தா நீங்கதான் பின்னால எடுக்கணும். எட்டு மீட்டர் வண்டியைப் பள்ளத்துப் பக்கம் பின்னால எடுக்க நம்ம எத்தனை பேருக்குத் தெரியும்?

"4x4 இல்லாம போக முடியுமா"ன்னு எல்லாரும் கேக்குறாங்க. முடியும். தினம் தினம் டிராவலருங்க போகுது. தரைக்கும் வயித்துக்கும் நடுவுல இடைவெளி, குட்டை வால், கம்மி எடை, நல்ல டயர் இந்த நாலும் இருந்தா 4x4 அஞ்சாவதுதான். முதல் நாலும் இல்லாம 4x4 மட்டும் இருந்தா, இன்னும் மோசமான எடத்துல போய் மாட்டிக்குவீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம்: இங்க விளையாடாதீங்க

பழைய டிராவலரை வாங்கி, பக்கத்துப் பட்டறையில கட்டில் அடிச்சு, ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்னு நினைக்கிறவங்க கவனிக்கவும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும்னு வச்சிருக்காங்க.

அபராதம்கூடப் பெருசில்லை. விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல ஆர்.சி.யைத்தான் பாப்பான். ஆர்.சி.யில பயணிகள் வேன்னு இருந்து, உள்ள அடுப்பும் கட்டிலும் இருந்தா அவனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. மோட்டார் கேரவன்களுக்குன்னு ஏ.ஐ.எஸ்-124ன்னு தனி தரவிதி இருக்கு. அந்தப்படி சான்றிதழ் வாங்குன கம்பெனிகிட்ட கட்டுங்க. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை வாடகை வண்டியாக் கருதுறது இல்லை, வெள்ளை நம்பர் பிளேட்டே கிடைக்கும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருந்தா நம்ம கார் லைசென்ஸே போதும்.

டில்லிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. பத்து வருஷம் தாண்டுன டீசல் வண்டிக்கு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் இங்க தடை போட்டது, 2018-ல உச்ச நீதிமன்றம் அதை நிலைநாட்டுச்சு, 2025-ல அந்த விதி கொஞ்சம் தளர்ந்துச்சு. இப்படி மாறிக்கிட்டே இருக்கிற எடத்துல "இருபது வருஷம் வச்சுக்கலாம்"னு கணக்குப் போட்டு லட்சக்கணக்குல இறக்காதீங்க. பி.எஸ்-6 வண்டியா வாங்குங்க.

அஞ்சு பேரு கூட்டா வாங்குறதைப் பத்தி: ஆர்.சி. ஒருத்தர் பேர்லதான் இருக்கும். வேற யாரு ஓட்டி எங்க இடிச்சாலும் கோர்ட்டுக்குப் போறவர் அவர்தான். எல்லாருக்கும் லீவு ஒரே மே-ஜூன்லதான் வரும். மிச்ச பத்து மாசம் வண்டி நிக்கும், பேட்டரி செத்துப் போகும், எலி ஒயரைக் கடிக்கும். ஊர்ல அஞ்சு பேர் பங்குல வெட்டுன கிணறு என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா?

உயரம்: இதுதான் நிஜமான பயம்

நான் 2022 செப்டம்பர்ல குடும்பத்தோட ஒரு டிராவலர் கேம்பர்ல போயிட்டு வந்தேன். ஸ்ரீநகர் வழியா லே போய், மணாலி வழியா இறங்கினோம். அந்த வரிசையைத் திட்டம் போட்டுத்தான் வச்சேன். ஸ்ரீநகர் ஏறக்குறைய 1,600 மீட்டர். அடுத்து கார்கில் 2,700. அடுத்து லே 3,500. படிப்படியா உடம்பு பழகும். மணாலி வழியா ஏறினா 2,000 மீட்டர்ல இருந்து கிளம்பி, ராத்திரி 4,300 மீட்டர்ல சர்ச்சுவில தூங்க வேண்டி வரும். 3,000 மீட்டருக்கு மேல, தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக் கூடாதுங்கிறது மலை மருத்துவர்கள் சொல்ற கணக்கு. 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் ஸ்ரீநகர் வழியாப் போகத் தயங்குறவங்க இருக்காங்க, அது நியாயம்தான். அவங்க மணாலியில ஒரு நாள், ஜிஸ்பாவுல ரெண்டு நாள் கூடுதலாப் போட்டுக்குங்க.

இதுக்கும் மோட்டார்ஹோமுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. ஓட்டல்ல தங்குறவன் ஊரு வந்தாத்தான் தூங்குவான். ஊருங்க பெரும்பாலும் தாழ்வான எடத்துல இருக்கும். மோட்டார்ஹோம்காரனுக்குப் படுக்கை முதுகுக்குப் பின்னாலயே இருக்கு. நாலு மணிக்குக் களைப்பா இருந்தா, "எடம் அழகா இருக்கு, இங்கயே நிறுத்திடலாம்"னு தோணும். அது 4,700 மீட்டரா இருக்கும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு வயசானவங்களுக்குத் தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கல்னு ஆரம்பிச்சா, ஒரே வைத்தியம் கீழ இறங்குறதுதான். இருட்டுல, பனி இறுகின ரோட்டுல எங்க இறங்குவீங்க? படுக்கை இருக்கிறதாலயே தப்பான எடத்துல படுக்கிறது, இந்த வண்டியோட பெரிய ஆபத்து.

அதனாலதான் சொல்றேன். வயசானவங்களும் சின்னப் பிள்ளைங்களும் ராத்திரி ஹோம்ஸ்டேயில படுக்கட்டும். லடாக் முழுக்க நல்ல ஹோம்ஸ்டே இருக்கு. கனமான மண் சுவர், சூடான அடுப்படி, கூட இன்னொரு குடும்பம். எங்க மாமியாருக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது, அந்த வீட்டம்மாவுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து பட்டாணி உரிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் பேசினாங்க. மோட்டார்ஹோமுக்குள்ள கதவை அடைச்சு உக்காந்திருந்தா இது கிடைச்சிருக்காது.

அப்ப வண்டி எதுக்கு? பகல்ல காலை நீட்டிப் படுக்க. வெயில்லயும் காத்துலயும் ஒதுங்க. ரோட்டுல மூணு மணி நேரம் ஜாம்னா ஒரு உப்புமா கிண்ட. முக்கியமா, பொம்பளைங்களுக்கு ஒரு கழிப்பறை. வடக்க நீண்ட பயணம்னாலே நம்ம வீட்டுப் பொம்பளைங்க காலையில இருந்து தண்ணி குடிக்காம வர்றதைப் பாத்திருக்கீங்க இல்லையா? உயரத்துல தண்ணி குடிக்காம இருக்கிறது உடம்பை இன்னும் கெடுக்கும். இந்த ஒண்ணுக்காகவே வண்டியில போட்ட காசு தகும். நம்மூர் வீட்டுத் திண்ணை மாதிரி. திண்ணையில சாப்பிடலாம், சாயலாம், வழிப்போக்கனோட பேசலாம். அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பார்க்கக் கூடாது.

தயார் பண்றது

கழிப்பறை: தண்ணி ஊத்துற டாய்லெட்டும் பெரிய கழிவு டேங்கும் வேண்டாம். லடாக்ல அதைக் கொட்ட எடம் கிடையாது. அப்புறம் "யாரும் பாக்கலை"ன்னு ஓடை ஓரத்துல திறந்து விடுவாங்க. அந்த ஓடைத் தண்ணியைத்தான் கீழ ஒரு ஊரே குடிக்கும். லடாக்காரங்க காலங்காலமா மண்ணும் சாம்பலும் போடுற உலர் கழிப்பறைதான் வச்சிருக்காங்க. நாமளும் மரத்தூள் போடுற உலர் டாய்லெட் வச்சுக்கலாம். நாத்தம் அடிக்காது, தண்ணி செலவும் இல்லை.

சூடு: வண்டிக்குள்ள கேஸ் அடுப்பை எரிய விட்டுக் குளிர் காயாதீங்க. குளிர்காலத்துல அங்கீட்டி வச்சுக்கிட்டுத் தூங்கிச் செத்துப்போன குடும்பங்களைப் பத்தி டில்லிப் பேப்பர்ல வருஷா வருஷம் படிக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அலாரம் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, ஜன்னல்ல ரெண்டு விரல் இடைவெளி விடுங்க. டீசல் ஹீட்டர் நல்லதுதான், புகை வெளிய போயிடும். ஆனா உயரத்துல காத்து கம்மியானதால கரி பிடிச்சு நின்னுடும். ஹை ஆல்டிட்யூட் செட்டிங் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

கரண்ட்: ஏசி ஏன் வேண்டாம்னா, ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்துல ஏறக்குறைய ஒரு யூனிட் குடிக்கும். 12 வோல்ட் 100 ஏ.ஹெச் லித்தியம் பேட்டரியில மொத்தமே 1.2 யூனிட்தான் இருக்கு. அங்க ஏசி தேவையும் இல்லை. லைட், ஃபேன், போன், ஃபிரிட்ஜுக்கு மேல 400 வாட் சோலார் தாராளம். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணக் கூடாது. அதனால பேட்டரி வண்டிக்குள்ளயே இருக்கட்டும்.

சமையல்: 5,000 மீட்டர்ல தண்ணி 83 டிகிரியிலயே கொதிச்சிடும், லேயிலகூட 88தான். திறந்த பாத்திரத்துல சோறு வேகாது, பருப்பு சத்தியமா வேகாது. குக்கர் கட்டாயம். மாவு புளிக்காது, இட்லிக் கனவை மூட்டை கட்டிடுங்க. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ரவை, அப்பளம் போதும். ரெண்டு வாரத்துக்கு ராஜ்மா சாவல் சாப்பிட்டா யாரும் தமிழர் பட்டியல்ல இருந்து நீக்க மாட்டாங்க :-)

உள்ள மாட்டுறது: ஆணி கிடையவே கிடையாது. ஸ்க்ரூவும் அதிர்வுல கழண்டுக்கும். போல்ட், நைலாக் நட். கண்ணாடிக் கதவு வேண்டாம். எல்லா டிராயருக்கும் அழுத்தித் திறக்கிற பூட்டு. கனமானதெல்லாம் கீழ, அச்சுகளுக்கு நடுவுல. கேரியர் மேல தலைகாணி, போர்வை மாதிரி லேசானது மட்டும்.

எஞ்சின், பிரேக், டயர்: பிரேக் ஆயில், கூலன்ட் புதுசா மாத்துங்க. ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், டீசல் ஃபில்டர் ரெண்டு, ஃபியூஸ் கையில இருக்கட்டும். ஸ்டெப்னி ரெண்டு. 12 வோல்ட் காத்தடிக்கிற பம்பு. ஜாக்கிக்கு அடியில வைக்கத் தடிமனான பலகை, டயருக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை. யூரியா திரவம் கேக்குற வண்டின்னா ஒரு கேன் எடுத்துக்குங்க. அது மைனஸ் 11-ல உறைஞ்சிடும். டீசல் விஷயத்துல, "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்"னு பலகை வச்சுப் பேர் வாங்குன தாண்டி பங்க்கை மனசுல வச்சு, நடுவுல எதுவுமே கிடைக்காதுங்கிற மாதிரி டேங்க்கை நிரப்பிக்குங்க. ஓடைங்களைக் காலையிலயே தாண்டிடுங்க, மத்தியானம் வெயில்ல பனி உருகித் தண்ணி ஏறிடும். இறக்கத்துல நம்மூர் லாரிக்காரங்க சொல்றதுதான் மந்திரம்: எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு.

கடைசியா, வெள்ளோட்டம். வண்டி கையில வந்ததும் நேரா லே போகாதீங்க. டில்லிப் பக்கம் இருந்தா சக்ராதா மாதிரி ஒரு மலைக்கு மூணு நாள் போங்க. எது ஆடுது, எது ஒழுகுது, பாட்டிக்குப் படி எட்டுதான்னு எல்லாம் அங்கயே தெரிஞ்சிடும்.

"அப்ப வாங்கவே வேண்டாமா?"

எதிர்த்தரப்பு சொல்றதையும் கேப்போம். "வருஷம் பூரா ஆபீஸ், லீவுன்னா ரயில் ஏறி ஊரு. பிள்ளைங்க இந்த நாட்டோட வடக்குல வளருதுங்க, ஆனா ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஜன்னலைத் தவிர எதையும் பாத்ததில்லை. ஒரு தடவையாவது பெருசா செய்வோமே"ங்கிறார் நண்பர். அந்த ஏக்கம் எனக்கும் இருக்கு. தப்பே இல்லை. அதுக்கு 40 லட்ச ரூபாய் வண்டிதான் வழியாங்கிறதுதான் என் கேள்வி.

முதல்ல ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து நாலு நாள் இருந்து பாருங்க. கேரளாவுல 2021-ல கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவிச்சாங்க, ஊருக்குப் போகும்போது அங்க முயற்சி பண்ணலாம். லடாக்குக்கு வெளியூர் வாடகை வண்டியை எடுத்துக்கிட்டுப் போனா உள்ளூர் டாக்சி சங்கங்களோட எதிர்ப்பு உண்டு, அதனால அந்த யோசனை வேண்டாம். நாலு நாள்லயே உங்க குடும்பத்துக்கு இது ஒத்து வருமான்னு தெரிஞ்சிடும். ஒத்து வந்தா, வருஷத்துக்கு குறைஞ்சது 30 நாள் ஓட்டுவீங்கன்னா, நடு சைஸ் டிராவலர், லேசான பாடி, முறையான சான்றிதழ், தனி ஆளா, கடன் இல்லாம வாங்குங்க. நானே கூட வந்து எடை மேடையில நிக்கிறேன்.

ஒத்து வரலைன்னா, ஒரு நல்ல உள்ளூர் டிரைவரோட வாடகை டிராவலர், ராத்திரிக்கு ஹோம்ஸ்டே, கூட ஒரு மடக்கு டாய்லெட், ஒரு குக்கர். காலேஜ் ஃபீஸ் பத்திரமா இருக்கும். 71 வயசு அம்மாவுக்கு டாக்டர் சரின்னு சொன்னா, கார்கில்ல ரெண்டு ராத்திரி கூடுதலாத் தங்கிட்டு மெதுவா லே வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போங்க. டாக்டர் வேண்டாம்னா மணாலியிலயே நிறுத்திக்குங்க. பேத்தி கூட பனி பாக்க அடல் சுரங்கம் தாண்டி ஒரு பகல் போயிட்டு வந்தாலே போதும், மே மாசத்துலயும் அந்தப் பக்கம் சிஸ்ஸுவுக்கு மேல பனி தெரியும்.

அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதை வீட்டுல இருக்கிறவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. இப்போதைக்கு இவ்வளவுதான், வர்ட்டா?